அன்றைக்குப் பார்த்து ஒரு சிரிப்பு

"படம்னா கதை சொல்லணும்பா. இது என்ன சொல்லுது?"

கேட்டவர் ஒரு வாரப் பத்திரிகையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு தலைப்பு வைக்காமல் நகர மாட்டார் என்பதால், பழகியவர்கள் வைத்த பெயர் 'தலைப்பு சார்'.

"ஒண்ணும் சொல்லல சார். ஒரு பொம்பளை சிரிக்கிறாங்க, அவ்வளவுதான்" என்றார் போட்டோக்காரர்.

நூலகத்து மேல்மாடி ஹாலில் அவருடைய முதல் கண்காட்சி. வாரம் முழுக்க ஸ்டுடியோவில், "முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க, சிரிக்காதீங்க" என்று பாஸ்போர்ட் படம் எடுக்கிறவர். லீவு கிடைத்தால் கேமராவோடு தெருவில் இறங்கிவிடுவார். எடுத்த படம் எதற்கும் தலைப்பு வைக்க மாட்டார். கீழே ஒரு சின்ன அட்டையில் எடுத்த தேதி மட்டும் இருக்கும்.

வாசலுக்கு நேரே மாட்டியிருந்தது அந்தப் படம். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பஸ் ஸ்டாப். காலிப் பெஞ்சில் ஒருத்தி தனியாக, மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த போட்டோக்காரர் ஒரே ஒரு தடவை அழுத்தினார். அதற்குள் பஸ் வந்து மறைத்துவிட்டது.

காலையிலிருந்து பார்த்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளை பாஸாகியிருப்பான் என்றார் ஒருவர். பேத்தி பிறந்திருக்கும் என்றாள் ஒரு பெண். போட்டோக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தார்.

"சரி, யார் அவ? எதுக்குச் சிரிக்கிறா? அதாவது தெரியுமா?"

"தெரியாது சார். தெரிஞ்சுதான் என்ன ஆகப் போகுது?"

"உப்பில்லாத பண்டம் குப்பையிலேம்பாங்க. கதையில்லாத படமும் அப்படித்தான்."

அப்போதுதான் வயதான ஒரு அம்மாள் படியேறி வந்தாள். மற்ற படங்கள் எதையும் பார்க்கவில்லை. நேராக வந்து, சிரிக்கிறவள் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"தம்பி, இந்தத் தேதி சரியா இருக்குமா?"

"தேதியில தப்பு வராதும்மா. கேமராவே குறிச்சு வச்சுக்கும்."

"எந்நேரம்?"

"உச்சி வெயில். நிழல் காலடியிலேயே கிடக்கு, பாருங்க."

அவள் பார்த்தாள். "இவ என் மருமக" என்றாள்.

போட்டோக்காரர் முகம் மலர்ந்தது. "அப்படியாம்மா? அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"அன்னைக்கு விடிகாலையில, அதே ஆஸ்பத்திரியிலதான் என் பெரிய பிள்ளை செத்துப்போனான். இவ புருஷன். வீட்டுக்குப் போய் அவன் ஆதார் கார்டெல்லாம் எடுத்துட்டு வான்னு நான்தான் இவளை அனுப்பினேன். நான் உள்ளே தலையில அடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தேன்."

போட்டோக்காரர் குனிந்து தேதி அட்டையைப் பார்த்தார்.

"புருஷன் பிணவறையில, பொண்டாட்டி பஸ் ஸ்டாப்புல" என்றார் தலைப்பு சார் மெதுவாக. "கதை கிடைச்சிடுச்சுப்பா." சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் படத்துக்கு நேரே நீட்டினார்.

போட்டோக்காரர் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"அம்மா, அது அழுகையா இருக்கும்மா. ரொம்ப அழுதா முகம் இப்படித்தான் கோணும். படத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும்."

"அழுகைக்கும் சிரிப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா தம்பி? உன் மருமக சிரிக்கிற மாதிரி பெரிசா மாட்டியிருக்காங்கன்னு பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னா. நான் நம்பல. அதான் கண்ணால பார்த்துடலாம்னு வந்தேன்." படத்தைக் கை காட்டினாள். "கழட்டிக் கொடுங்க. எனக்கு வேணும்."

"எதுக்கும்மா?"

அவள் சிரிக்கிறவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டோக்காரருக்குக் கண்முன்னால் ஒரு காட்சி ஓடியது. ஒரு வீட்டுக் கூடம். நடுவில் இந்தப் படம். சுற்றிலும் சொந்தக்காரர்கள். தலை குனிந்து நிற்கிற ஒருத்தி.

"தர மாட்டேன்மா" என்றார். "நாலு பேரைக் கூட்டி வச்சு அவங்களைக் கேள்வி கேட்க என் படத்தைத் தர மாட்டேன். மனசுல என்ன பாரமோ, ஒரு நிமிஷம் சிரிச்சுட்டாங்க. அது ஒரு குத்தமா?"

"கொடுத்துடுப்பா" என்றார் தலைப்பு சார். "பெத்த வயிறு. எரியத்தானே செய்யும்?"

அந்த அம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குத்தம்னு நான் சொன்னேனா தம்பி? என் சின்னவன் நாளைக்கு அவன் பிள்ளைங்களைக் கூட்டிட்டு இங்கே வர்றான். இந்தத் தேதியைப் பார்த்தான்னா அண்ணியை அன்னைக்கே வீட்டை விட்டுத் துரத்திடுவான். எப்படா சாக்கு கிடைக்கும்னு இருக்கறவன் அவன். அவளுக்குப் போக்கிடம் கிடையாது."

தலைப்பு சாரின் செல்போன் பைக்குள் போனது.

போட்டோக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றினார். தேதி அட்டையைப் பிய்த்தெடுத்தார். இறங்கி வந்து, "நீங்க தூக்கிட்டுப் போக வேண்டாம்மா. நானே கிழிச்சுப் போட்டுடறேன்" என்றார்.

"கிழிக்காதீங்க."

அவசரமாக வாங்கிக்கொண்டாள். ஸ்டூலிலேயே உட்கார்ந்து படத்தை மடியில் வைத்து, சிரிக்கிறவளின் கன்னத்தில் விரலை வைத்தாள்.

"இத்தனை வருஷமா என்கூட ஒரே வீட்டுல இருக்கா. இந்தக் கன்னத்துல என் பிள்ளை கை விழுந்துதான் பார்த்திருக்கேன். குழி விழும்னு இன்னைக்குத்தான் தெரியும்."