இரண்டு எதிரொலிகள்

ஜன்னல் திரையின் இடுக்கு வழியாகப் பிற்பகல் வெயில் மேசைமேல் கோடு போட்டிருக்கிறது. தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்காருகிறான், எழுகிறான், ஹெட்போனை மாட்டுகிறான், கழற்றுகிறான். இடப்பக்கம் நண்பனிடம் இரவல் வாங்கிவந்த ரிவெர்ப் பெட்டி, குரலுக்கு எதிரொலி சேர்ப்பது, சூடேறிக் கிடக்கிறது; குமிழைத் திருகினால் ஒத்திகைக்குப் பதிந்த அக்காவின் குரல் பெரிய கூடத்தில் நின்று பாடுவதுபோல் விரிகிறது. வலப்பக்கம் கணினித் திரையில் அதே வேலையைச் செய்யும் மென்பொருள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு அவனுக்குக் காதே மரத்துவிட்டது. நாளை அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஆறிப்போன வெந்நீரை மடக்கு மடக்காக விழுங்குகிறாள்.

“என்னடா, இன்னுமா முடியல? அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரில இருக்கணும்.”

“பெட்டி வழியா பதிஞ்சா பதிஞ்சதுதான்க்கா, அப்புறம் எதிரொலியைப் பிரிக்க முடியாது. கம்ப்யூட்டர்னா எப்ப வேணா மாத்திக்கலாம்.”

“அப்படின்னா நீ வருஷக்கணக்கா மாத்திக்கிட்டேதான் இருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? பெட்டியையே போடு.”

அவன் பெட்டியை இணைத்துப் பதிவைத் தொடங்குகிறான். அவள் மைக்கின் முன் நின்று, கண்ணை மூடி, நான்கே வரிகள் பாடுகிறாள். கடைசி வரியில் குரல் கரகரக்கிறது, அவள் நிறுத்தவில்லை. முடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடுகிறாள்.

“வாடா, வண்டி வந்தாச்சு.”

ஹெட்போனுக்குள் அவள் குரலின் எதிரொலி இன்னும் தேய்ந்து முடியவில்லை. “இதோ வந்துட்டேன்க்கா” என்கிறான் தம்பி. பதிவை நிறுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.