சிவநேசன் தேடவில்லை

நடக்க முடியாத மகன் சிவநேசனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோதே சண்முகக்கனி கண்ணயர்ந்துவிட்டாள். அவனுக்குப் புரையேறி மூச்சுத் திணறும் சத்தத்தில்தான் விழித்தாள். முதுகைத் தட்டி, அவன் முகம் தெளிந்ததும், இப்படிப்பட்டவர்களை ஒரு வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்கு போன் செய்தாள்.

“பெத்தவளே கொண்டுபோய் விட்டா ஊர் என்ன சொல்லும்?” என்றார் அண்ணன்.

“அவன் உயிரோட இருக்கணும்னுதாண்ணே விடுதேன்.”

அவனை அங்கே விட்டுவிட்டு, தங்கை வீட்டில் போய்ப் படுத்தவள் சாப்பாட்டுக்கு மட்டுமே எழுந்தாள். மூன்றாம் நாள் இல்லத்துக்குப் பேசினாள்.

“நல்லா சாப்பிடுறாரும்மா. பக்கத்துக் கட்டில் பையனோட ஒரே சிரிப்பு” என்றார் நர்ஸ்.

“என்னையத் தேடுனானா?”

நர்ஸ் தயங்கினார். “இல்லம்மா.”

அவன் பிறந்த இத்தனை வருடத்தில், அவள் பக்கத்தில் இல்லாமல் அவன் சிரித்தது இதுவே முதல் முறை. போனை வைத்தவளின் கண்கள் நிறைந்துவிட்டன.

“மனசு கேக்கலேன்னா இன்னைக்கே கூட்டிட்டு வந்துருவோம்க்கா” என்றாள் தங்கை.

“வேண்டாம். சொன்ன நாள் வரைக்கும் இருக்கட்டும்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சண்முகக்கனி மறுபடியும் பாயில் படுத்தாள். “அந்த சன்னலைச் சாத்திட்டுப் போ.”