மார்கழியில் ஏறும் வோல்ட்

கூடத்தில் நாலு பேர். மேசையை ஒட்டிய நாற்காலியில் ஜினேந்திரன். எதிரே கட்டிலில் பெரிய மகன் அஜித்நாதன். கட்டில் காலில் சாய்ந்து தரையில் சின்னவன் அருகன். வாசற்படியில் சோலார் மெக்கானிக் ஜெயக்கொடி, மடியில், மாடிப் பேனல்களின் மின்சாரத்தை அளந்து பேட்டரிக்கு அனுப்பும் கன்ட்ரோலர் பெட்டி, கருகிப்போய்.

ஜினேந்திரனின் மனைவி மருதேவி உட்காரவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

செஞ்சியில் வெயிலுக்குத்தான் பயப்படுவார்கள். கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த சூடு இருட்டியபின் தெருவுக்குள் இறங்கும். அதனால்தான் கன்ட்ரோலருக்கு நிழலாகப் பார்த்து இடம் கொடுத்திருந்தார் ஜினேந்திரன். அது மார்கழிப் பனியில் எரிந்துவிட்டது.

"பனில எரிஞ்சுதுன்னு வெளிய சொல்லாதண்ணே, சிரிப்பாங்க" என்றான் அருகன்.

"சிரிச்சா சிரிக்கட்டும் தம்பி" என்றார் ஜெயக்கொடி. " பேனல் ஜில்லுனு இருந்தா வோல்ட் ஏறும். மாடில மூணு பேனலையும் ஒண்ணோட ஒண்ணா வரிசையா கோத்திருக்குது. மத்தியானத்துல தாங்குது. பனி புடிச்ச காலைல வெயில் பட்டதும் இந்தப் பொட்டி தாங்குற அளவ தாண்டிடுச்சு. ஒண்ண எடுத்துடணும். இல்லாட்டி இதே மாதிரி நாலாவது ஒண்ணு வேணும், ரெண்டு ரெண்டா பிரிச்சு உட்டுடலாம்."

புதுப் பெட்டி சுவரில் ஏறியாகிவிட்டது. நாளைக் காலையும் பனி கொட்டும். எந்தப் பேனலை எடுப்பது என்று ஜினேந்திரன் இப்போதே சொல்லியாக வேண்டும்.

ஒன்று அஜித்நாதன் வாங்கியது. ஒன்று அருகன். மூன்றாவது, தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு திண்டிவனம் போன மகள் ஜினிஷா அனுப்பியது. அவள் இந்த வாசலை மிதித்து நாலு வருஷம். பேனல் வந்து இறங்கிய அன்று ஜினேந்திரன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாடிக்கு ஏணியை மட்டும் எடுத்துச் சாத்தினார்.

"கடைசியா வந்தத கழட்டிடலாம் நைனா" என்றான் அஜித்நாதன்.

மருதேவியின் நடை நின்றது.

ஜினேந்திரன் எழுந்தார். வாசலுக்குப் போய் மாடியை அண்ணாந்து பார்த்தார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"எதையும் கீழ எறக்க வேணாம். பெரியவனுத மட்டும் இப்பத்திக்கு கனெக்சன் எடுத்துடு."

"இன்னா நைனா, என்னுதா?"

"மூத்தவன்தான நீ. பொறுத்துக்க."

போன் கையெட்டும் தூரத்தில் இருந்தது. இதைப் போனில் சொல்ல அவருக்கு வாய் வராது. இழுப்பறையிலிருந்து தாள் எடுத்தார். வலது மூலையில் ஊர், தேதி. நலம், நலமறிய ஆவல். பிறகு பேனலின் வாட், கம்பெனி பெயர், ரெண்டு ரெண்டாகக் கோக்கும் விதத்துக்கு ஒரு சின்னப் படம். நாலாவது பேனல் ஒன்று தேவைப்படுகிறது. பொங்கலுக்குள் இருவருமாக எடுத்துக்கொண்டு வரவும்.

கவரை மருதேவியிடம் நீட்டினார். அவள் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டி, முகவரிப் பக்கம் திருப்பினாள்.

மகள் பெயர் அதில் இல்லை.

'மாப்பிள்ளை எழிலரசன் அவர்களுக்கு' என்று இருந்தது. இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

"அருகா, தபாலாபீஸ்ல பை கட்டுறதுக்குள்ள ஓடுடா" என்றாள் மருதேவி.