முதல் பந்திலேயே அவுட்

மடுல்கெல்லவில் பெண் பார்க்க வந்த இடத்தில், பெரியவர்கள் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டார்கள். டிவியில் மெட்ச் ஓடியது. அதன் முன்னால் கஜேந்திரனும் சிந்துஜாவும் மட்டும்.

"பந்து கால்லதானே பட்டுச்சு, அதுக்கு ஏன் அவுட்டு?" என்று கேட்டாள் சிந்துஜா.

கஜேந்திரன் தேநீர்க் கோப்பையை ஸ்டம்பாக வைத்தான். அதன் முன்னால் ஒரு பிஸ்கட்டைக் காலாகப் பிடித்தான். "கால் மறிக்காட்டி பந்து நேரா கோப்பையில பட்டிருக்கும். அதான் எல்பிடபிள்யூ."

"புரியலைங்க."

மறுபடி முதலிலிருந்து சொன்னான். மூன்றாம் தடவை கேட்டபோது பிஸ்கட் உடைந்தது. பொறுமையாக இன்னொன்றை எடுத்தான்.

சிந்துஜா சிரித்துவிட்டாள். "மன்னிச்சுக்குங்க. இங்க பொம்பளைப் புள்ளைங்க டீமுக்கு நான்தான் கேப்டன். முன்ன வந்த ரெண்டு பேர்கிட்டயும் இதையேதான் கேட்டேன். ஒருத்தர் எரிஞ்சு விழுந்தார். மத்தவர், பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்னார்."

"நீங்க கேப்டன்னு தெரியுங்க."

"எப்படி?"

"போன சித்திரை மெட்ச்ல, தெல்தோட்டை டீமுக்கு ஆடி, உங்க முதல் பந்துலயே எல்பிடபிள்யூ ஆனது என் தங்கச்சி."

"அப்புறம் ஏன் எனக்கே விளக்கம் சொன்னீங்க?"

"இதைச் சொல்லத்தாங்க. தங்கச்சி அன்னைக்கு அவுட்டே இல்லைங்க. பந்து ஸ்டம்புக்கு வெளிய போச்சு." பிஸ்கட்டைக் கோப்பையிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்தான். "கால் இங்க இருந்துச்சு."

சிந்துஜா அவன் கையைப் பிடித்து, பிஸ்கட்டைக் கோப்பைக்கு நேராக நகர்த்தினாள்.

"அம்மா, பிஸ்கட் டின்னோட கொண்டாங்க. இது இன்னைக்கு முடியுற பேச்சில்ல."