தேய்க்கத் தேய்க்க

“ரொம்பத் தேய்க்காத தாயி. போதும்.”

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ஏட்டு ஜெபசுந்தரின் தலை மட்டும் தெரிந்தது. நாதியாவின் கையிலிருந்த பழைய டூத் பிரஷ் மண்ணெண்ணெய்க் கிண்ணத்துக்குள் விழுந்தது.

“சும்மா, சைக்கிள் துருவை எடுக்கேன் ஏட்டய்யா.”

“எல்லாத் துருவையும் எடுத்திருவியோ?”

“எடுத்தாத்தானே ஓட்ட முடியும்?”

ஏட்டு மதிலில் இன்னும் கொஞ்சம் எக்கினார். சைக்கிளை முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பார்த்தார். “எங்கன வாங்குன?”

“மொக்கைச்சாமி பழைய இரும்புக் கடையில.”

“பில்லு குடுத்தானா?”

“பழைய இரும்புக்கு ஏதுய்யா பில்லு?”

தலை மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது. நாதியாவுக்குச் சந்தேகம் தட்ட ஆரம்பித்தது அப்போதுதான்.

அவள் கணவன் ரய்யானுக்கு சவூதியில் வேலை கைகூடி வந்திருந்தது. பாஸ்போர்ட் மட்டும்தான் பாக்கி. அதற்கு வீடு தேடி வந்து விசாரித்து எழுத வேண்டியவர் சாட்சாத் இந்த ஏட்டய்யாவேதான். ரய்யான் போய்விட்டால் நாரணாபுரத்திலிருந்து சிவகாசி லேபிள் பிரஸ்ஸுக்கு அவளைக் கொண்டுபோய் விட ஆள் கிடையாது. புது சைக்கிள் வாங்க வக்கும் கிடையாது. அதனால்தான் இரும்போடு இரும்பாகக் கிடந்த அந்தக் கறுப்பு கியர் சைக்கிளை எடைக்கு வாங்கி உருட்டிக்கொண்டு வந்தாள்.

பிரஸ்ஸில் ரோலர் துடைத்துப் போட்ட பனியன் வேஸ்ட் துணி, கேனின் அடியில் மிஞ்சிய தின்னர், வீட்டுப் புளி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள். கையில் காசில்லாதவளின் வைத்தியம் இவ்வளவுதான். ஆனாலும் ஹேண்டில் பார் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னத் தொடங்கியிருந்தது.

மறுநாளும் மதிலுக்கு மேலே தலை முளைத்தது. சக்கர ரிம்மைப் பார்த்து, “அடிப் பாவி, இதையும் தேய்ச்சிட்டியா?” என்று முனகிவிட்டு மறைந்தது. அதற்கடுத்த நாள் ஏட்டு செல்போனைப் பார்ப்பதும் சைக்கிளைப் பார்ப்பதுமாக வெகுநேரம் நின்றார்.

“மச்சான், இது களவு சைக்கிளு. அவுக போட்டோவை வச்சு ஒத்துப் பாக்காக,” என்றாள் நாதியா.

“போ புள்ள. அவருக்கும் இது மேல ஆசை வந்திருக்கும்,” என்று சிரித்தான் ரய்யான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டாசு கம்பெனியில் வெடி போட்டுப் பார்க்கும் சத்தம் பிறந்ததிலிருந்தே கேட்டுப் பழகியது. இப்போது அதற்குக்கூடத் தூக்கிப் போட்டது. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ரய்யானின் சிரிப்பும் நின்றது. கைப்பிடி ரப்பரை நாதியா உருவியபோது குழாய்க்குள்ளிருந்து கறுப்பாக ஒரு நூல்துண்டு விழுந்தது. நாரணாபுரத்தில் பிறந்தவர்களுக்குப் பட்டாசுத் திரி தெரியாதா? இரண்டு பேரும் ஒன்றாகப் பின்னால் துள்ளினார்கள். பிறகு அவள் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அதன்மேல் கவிழ்த்தாள்.

“கள்ளத் திரி கடத்துன வண்டி புள்ள இது!” ரய்யான் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தான். “சாட்சியத்தை அழிக்கோம்னுதான் அவரு தேய்க்காத தேய்க்காதங்காரு. பாஸ்போர்ட்டும் போச்சு, சவூதியும் போச்சு. ரெண்டு பேரையும் உள்ள தள்ளிருவாக.”

“இப்ப என்ன செய்ய மச்சான்?”

“கண்மாயில கொண்டுபோய்ப் போட்டுருவோம்.”

பொழுது சாய்ந்ததும் சைக்கிள் மேல் பழைய சேலையைப் போர்த்தி உருட்டினார்கள். முனகல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவள் தேய்த்த தேய்ப்பு அப்படி. அவளுக்கு அழுகை முட்டியது. கேட்டைத் திறந்தால், எதிரே ஏட்டய்யா. யூனிஃபார்மில் இருந்தார்.

“எங்க கிளம்பிட்டீக?”

ரய்யான் சேலையை இன்னும் கீழே இழுத்துவிட்டான்.

ஏட்டு உள்ளே வந்து, கேட்டைத் தானே சாத்தித் தாழ் போட்டார். சேலையை உருவினார். தெருவிளக்கு வெளிச்சத்தில் சைக்கிள் பளபளவென்று நின்றது. அதைப் பார்த்து அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏட்டய்யா, அல்லா மேல சத்தியமா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது!” நாதியா அவர் முன்னால் போய் நின்றாள். “அவுக பாஸ்போர்ட்டைக் கெடுத்துராதீக. உள்ள போடணும்னா என்னையப் போடுங்க. தேய்ச்சது நாந்தான்.”

“மெதுவாப் பேசு தாயி. யாரு காதுலயும் விழுந்துரப் போவுது.”

ஏட்டு தண்ணீர்த் தொட்டி விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். நெற்றி முழுக்க வேர்வை.

“திரி கேஸுல புடிச்ச வண்டி இது. ஸ்டேஷனுக்குப் பின்னால வருஷக்கணக்கா மழையில நனைஞ்சு கெடந்துச்சு. இனிமே யாரு கேக்கப் போறான்னு நாந்தான் மொக்கைச்சாமிட்ட எடைக்குப் போட்டேன். இப்பப் போயி கோர்ட்டுல அந்தக் கேஸை எடுத்துட்டாக. வார திங்கக்கெழம ஜட்ஜம்மா முன்னால வண்டியை நிப்பாட்டணும். இல்லன்னா என் வேலை போயிரும்.”

செல்போனை அவளிடம் நீட்டினார். அதில் கோர்ட்டுக்கு அனுப்பிய போட்டோ: துருவேறி மண்ணாகிப் போன ஒரு கறுப்பு சைக்கிள்.

“உன் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே எழுதிருதேன். இதே மாதிரி இதைத் திரும்பத் துருப்பிடிக்க வைக்க என்ன தாயி செய்யணும்?”