முப்பதாவது பாக்கெட்

“ரெண்டே ரெண்டு பாக்கெட்தான் இருக்கு. அதையும் தடவித் தடவித்தான் எடுக்கணுமா அண்ணாச்சி? என்ன, மாங்காயா பொறுக்குதீக?”

ஃபேன்சி கடைக் கல்லாவில் இருந்த ஜாஸ்பின் குரலை உயர்த்திவிட்டாள். வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள்.

சங்கிலிமுத்து கையை எடுத்துக்கொண்டார். வயது ஐம்பத்தெட்டு. சிவகாசியில் ஒரு அச்சாபீசில் சார்ட்டிங் வேலை. அச்சாகி வரும் தாள்களில் பழுதானதைப் பார்த்து ஒதுக்கவேண்டும். காலை எட்டரையிலிருந்து நின்றே பார்த்ததில் இரண்டு காலும் கனத்துக் கிடந்தன.

“கோவிச்சுக்கிடாதீக தாயி. இந்தா, எடுத்துட்டேன்.”

ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு இருநூறு ரூபாயை வைத்தார்.

ஜப்பான் படஅட்டைப் பாக்கெட். பெட்டிக்கு முப்பது பாக்கெட், பாக்கெட்டுக்கு ஐந்து அட்டை. பெட்டிக்கு ஒரு தங்க அட்டை கட்டாயம் உண்டு, வெளியே விற்றால் ஆயிரக்கணக்கில் போகும் என்று சொல்லித்தான் கடைக்காரன் ஜெயசுந்தர் அவர் கண்முன்னே பெட்டியின் முத்திரையை வெட்டித் திறந்தான். மொத்தமாக வாங்க அவருக்கு வசதியில்லை. சனிக்கிழமை சம்பளத்தில் வாரம் ஒன்று எடுத்துக்கொள்வதாகவும், பெட்டியை வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்றும் பேச்சு. இது இருபத்தொன்பதாவது வாரம். தங்க அட்டை இன்னும் வரவில்லை.

“பேரப் பிள்ளைகளுக்கா?” என்று வளையல் பார்த்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்.

“இல்ல தாயி, எனக்குத்தான்.”

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

“இந்த வயசுல பொம்மை அட்டையை வச்சு என்ன செய்வீக?” என்றாள் ஜாஸ்பின்.

“நாள் பூரா தப்பையே பாக்குத கண்ணு. கலர் விலகினது, மை தெறிச்சது, வெட்டு கோணினது. வீட்டுக்குப் போயி இதுல ஒண்ணை எடுத்து வச்சுக்கிடுவேன். நாலு பக்கமும் ஓரம் ஒரே அளவு. ஒதுக்க ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் சும்மா பாக்கலாம்.”

“ஏன், நம்மூர்ல அடிக்காத அட்டையா?”

“அதைப் பாத்துட்டுதான தாயி வாரேன்.”

“அதுல என்ன எழுதியிருக்குன்னாவது தெரியுமா?”

“தெரியாது. அதுவும் நல்லதுதான். எழுத்துப் பிழை கண்ணுல படாது.”

ஏழாயிரம்பண்ணை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் ஜாஸ்பின் புருஷன் ஜெயசுந்தரிடம் திரும்பினாள்.

“தங்க அட்டை இருக்கிற பாக்கெட் இம்புட்டுப் போலக் கனமா இருக்கும்னு நீங்கதான சொன்னீக? இவரு கனம் பாத்துத்தான் எடுக்காரு. சாது மாதிரி இருந்துக்கிட்டு!”

“விடு ஜாஸ்பின். பெட்டியே அவருக்குப் பேசினதுதான.”

ஜெயசுந்தர் தலையைத் தூக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தபோது பெட்டியில் ஒரே ஒரு பாக்கெட்.

ஜாஸ்பினுக்கே இப்போது ஆவல் வந்துவிட்டது.

“இருபத்தொம்பதுல வரல. அப்ப இதுலதான் இருக்கணும். இங்கனயே பிரிங்க அண்ணாச்சி, நானும் பாக்கேன்.”

சங்கிலிமுத்து பாக்கெட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு ஜெயசுந்தரைக் கேட்டார்.

“பிரிக்கவா தம்பி?”

“உங்க பாக்கெட்டு. எங்கிட்ட என்ன கேக்கீக?”

பிரித்தார். ஐந்து அட்டை. ஐந்தும் சாதா.

ஜாஸ்பின் வாங்கி இரண்டு தடவை புரட்டினாள். முகம் சிவந்துவிட்டது.

“ஏழு மாசமா வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி வாங்கியிருக்கீக. ஜப்பான்காரனும் ஏமாத்துதானா? ஏங்க, கம்பெனிக்கு எழுதிப் போடுங்க!”

“ஒண்ணு ரெண்டு பெட்டியில அப்படித்தான் விட்டுப்போயிரும்,” என்றான் ஜெயசுந்தர், தலைமுடி கிளிப்புகளைக் கம்பியில் மாட்டிக்கொண்டே.

“ஜப்பான்காரன் எண்ணிக்கை தப்பல தாயி,” என்றார் சங்கிலிமுத்து. “மொத வாரமே கனமா ஒண்ணு விரல்ல தட்டுச்சு. தொட்டுப் பாத்து எடுத்தா அது கள்ளத்தனம். கடைசியா வரட்டும்னு விட்டுவச்சேன். மறுவாரம் வந்து எண்ணுனேன். இருபத்தொம்பதும் சரியா இருந்துச்சு. கனமானது மட்டும் இல்ல. அந்த இடத்துல வேற பெட்டிப் பாக்கெட் ஒண்ணு. ஓரத்து வெட்டு அரை மில்லி சரிவு. இதுதான் அது.”

ஜாஸ்பின் மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள். ஜெயசுந்தர் கையிலிருந்த கிளிப்பை மாட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“அன்னைக்கே கேட்டிருக்கலாமே அண்ணாச்சி?” அவள் குரல் இறங்கியிருந்தது.

சங்கிலிமுத்து ஐந்து அட்டையையும் ஓரம் தட்டி அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

“கேட்டுட்டா அது திருட்டுன்னு ஆயிரும். கேக்குமுன்ன தம்பி திருப்பி வச்சுட்டா, ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிரும்லா? வச்சாச்சா, வச்சாச்சான்னு இருபத்தெட்டு வாரமா அதைத்தான் தாயி தடவிப் பாத்தேன்.”