பத்தாவது முறை

இந்த மாதம் ஒன்பது முறை தலை சுற்றியது. எத்தனை மணிக்கு, எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எதையாவது விட்டுவிட்டேனோ என்றுதான் பயம்.

"இருபத்திரண்டு வயசுல தலை சுத்துனா அது காதல்டி," என்றாள் அக்கா.

டாக்டர் நோட்டை முழுதாகப் படித்தார்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எவ்வளவு தண்ணி குடிக்கிற?"

"அரை டம்ளர், டாக்டர்."

"ஏம்மா, தண்ணி என்ன கசக்குதா? நல்லா குடி. மெதுவா எழுந்திரு. இல்லேன்னா ஒருநாள் பொத்துனு விழுவ."

தலையாட்டினேன். காரணத்தைச் சொல்லவில்லை. நான் பில் போடும் கடையில் யாருடைய வேலையை நிரந்தரமாக்குவது என்று அந்த வாரம்தான் முடிவு செய்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் மைக்கைப் பிடித்தார்.

"பில் போடுறவங்கள்ல, ஆறு மாசமா வேலை நேரத்துல ஒரு தடவைகூட பாத்ரூம் போகாத ஒரே ஆள் நம்ம தங்கச்சிதான்! இன்னியிலேர்ந்து வேலை நிரந்தரம். வாம்மா!"

கைதட்டல் கேட்டதும் டாக்டர் சொன்னதை மறந்து முன்வரிசையிலிருந்து சட்டென்று எழுந்தேன். கூடமே சுழன்றது. இது பத்தாவது.

விழப்போன என்னைத் தாங்கிப் பிடித்து, மேலாளர் பரிசைக் கையில் திணித்தார்.

கடையின் பெயர் போட்ட இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்.